சோகை நோயை வகுத்தறிந்த வரலாறு

நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருந்திடல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. சோகை நோயில் இந்நெறியைக் கைக்கொள்ளுதல் நெடுங்காலம் மருத்துவர்க்கு அரிதாகவே இருந்தது. வெளிறிய முகம், உடற்சோர்வு, மூச்சிரைப்பு ஆகியன எவ்வகைச் சோகைக்கும் பொதுவாயின. பிரான்சிய மருத்துவர் பிளோட் 1832 இல் எடுத்துரைத்த இரும்பு மாத்திரை பலருக்கு நலந் தந்தது. வேறு சிலருக்கோ யாதொரு பயனும் அளிக்கவில்லை. இலண்டன் மருத்துவர் தோமசு அடிசன் 1849 இல் விவரித்த கொடுஞ்சோகை இரும்புக்கு இணங்காததேயாம்.

குருதியை எண்ணியும் அளந்தும் ஆராயும் முறை 19 ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. செருமனிய அறிஞர் வீரோட் 1852 இல் குருதிக் கலங்களை எண்ணும் வழியை வெளியிட்டார். ஆங்கில மருத்துவர் கவர்சு 1878 இல் ஈமோகுளோபினை அளக்கும் கருவியை அமைத்தார். ஆயினும் செங்குருதிக் கலத்தின் பருமனை அறிதற்கு எளிய வழி தோன்றவில்லை.

அக்குறையை நீக்கியவர் கனடாவில் வளர்ந்த மாக்சுவெல் வின்றோப் ஆவார். நியூ ஓர்லியன்சு நகரிற் பணிபுரிந்த காலத்தில், 1929 இல், அளவுகோடிட்ட சிறு கண்ணாடிக் குழாயொன்றை அவர் அறிமுகஞ் செய்தார். அதிற் குருதியை இட்டு விரைவாகச் சுழற்றினால் செங்கலங்கள் அடியிற் படியும். அப்படிவின் பங்கைக் கலங்களின் எண்ணிக்கையால் வகுக்க, ஒரு கலத்தின் சராசரிப் பருமன் பெறப்படும். நோயாளர் இருவரின் குருதியிலும் படிவு 30 வீதம் எனக் கொள்வோம். ஒரு கன மில்லிமீற்றரில் ஒருவருக்கு 50 இலட்சங் கலங்களும், மற்றவருக்கு 25 இலட்சங் கலங்களும் உள. முன்னவரின் கலம் 60 கன மைக்கிரோன். பின்னவரின் கலம் 120. வளர்ந்தோர்க்கு இயல்பான அளவு 80 முதல் 100 வரையாகும். தோற்றத்தில் ஒன்றாயிருந்த நோய் இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. இரும்புக் குறைவிற் கலங்கள் சிறுக்கும், கொடுஞ்சோகையிற் பெருக்கும்.

எனினும் அளவையொன்றே முடிவாகாது. 1928 இல் இந்தியா சென்ற லூசி வில்சு என்ற ஆங்கிலப் பெண்மணி, பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிப் பெண்களின் பெருங்கலச் சோகையை ஆராய்ந்தார். ஈசுற்றுச் சாரமாகிய மார்மைற்று அதனைத் தீர்ப்பதை 1931 இல் வெளியிட்டார். அதிலடங்கிய போலிக்கமிலம் பின்னர் அறியப்பட்டது. கொடுஞ்சோகைக்கு வேண்டிய விற்றமின் பி12 ஐ 1948 இலே பிரித்தெடுத்தனர். கலத்தின் பருமன் இரண்டு குறைபாடுகளிலும் ஒன்றே. ஆனால் பி12 குறைந்தவருக்குப் போலிக்கமிலத்தை மாத்திரம் கொடுத்தால், குருதி தேறுவது போலத் தோன்ற, நரம்புகள் தொடர்ந்து சிதையும்.

சிறுகலச் சோகையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. தலசீமியாக் கூற்றைத் தாங்கியவரின் கலங்களும் சிறியனவே. பருமனை, மில்லியனிற் கூறப்படும் எண்ணிக்கையால் வகுத்து நோக்கும் முறையை மென்சர் 1973 இல் வெளியிட்டார். ஈவு 13 இற்குக் குறைந்தால் தலசீமியாவையும், மிகுந்தால் இரும்புக் குறைவையும் ஐயுறலாம். மேற்கூறிய முதலாம் நோயாளரின் ஈவு 12 ஆகும். அவருக்கு இரும்பு கொடுக்குமுன் மேலும் ஆராய்தல் வேண்டும். தாய் தந்தையர் இருவரும் பீற்றாத் தலசீமியாக் கூற்றைத் தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுந் தலசீமியா உண்டாகும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும்.

உவோலசு கூல்ற்றர் 1953 இல் உரிமைப்பத்திரம் பெற்ற எண்ணுங் கருவியின் வழிவந்த பொறிகள் இன்று இவ்வளவைகளை நொடிப்பொழுதிற் தருகின்றன. பொறி தருவது எண். அவ்வெண் சுட்டும் காரணத்தைத் தேடித் தெளிதல் மருத்துவரின் கடனாகவே நிற்கின்றது.