நாழிகையும் துணையும்

மகப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழ் இல்லங்களில் தொன்றுதொட்டு வழங்கிவரும் மொழி. தாயும் சேயும் வெவ்வேறு உயிராய்ப் பிரிந்து, இருவரும் நலம் என்னும் சொல் அறைக்குள்ளிருந்து வந்த பின்னரே வாசலில் நின்ற சுற்றத்தார் மூச்சு விட்டனர். அந்நல்ல முடிவையே 'சுகப்பிரசவம்' என்னும் சொல் உணர்த்திற்று. வலியின்றிப் பெறுதல் என்று எவரும் அதற்குப் பொருள் கொண்டதில்லை.

இன்றோ அச்சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. இயல்பான வழியில் பிறந்தால் சுகப்பிரசவம் என்றும், வயிற்றைக் கீறி எடுத்தால் சிசேரியன் என்றும் இரண்டாக வகுத்து, இவற்றுள் எது மேல் என்று வீடுதோறும் வழக்காடுகின்றோம். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கத் தெரியவில்லை" என்பார் ஒரு சாரார். "கத்தி இருக்கும்போது எதற்காக வலி தாங்க வேண்டும்?" என்பார் மறு சாரார். இவ்வழக்கிற்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சற்றே நோக்கினால், பேறுகாலத்தில் மாறிவந்தது முறை ஒன்றே அல்ல என்பதும், முடிவு செய்பவர் யார் என்னும் வினா காலந்தோறும் உடன் வந்துள்ளது என்பதும் புலனாகும்.

காவிரியின் இரு கரைகள்

மகப்பேறு பற்றிய இரண்டு பழங்கதைகள் திருச்சிராப்பள்ளியில் எதிரெதிரே நிற்கின்றன. காவிரிக்கு வடக்கே திருவானைக்கா, தெற்கே மலைக்கோட்டை.

திருவானைக்காவின் கதை கோச்செங்கட் சோழனுடையது. பெரிய புராணம் கூறுமாறு, சுபதேவன் என்னும் சோழ மன்னனின் தேவி கமலவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. இப்பொழுது பிறவாமல் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகையும் ஆளும் என்று சோதிடர் உரைத்தனர். ஒரு நாழிகையாவது இன்றைய கணக்கில் 24 நிமிடம். அந்த 24 நிமிடத்திற்காக அரசி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் செய்தாள். குறித்த நேரத்தில் குழந்தை பிறந்தது; காலம் நீட்டித்தமையால் அதன் கண்கள் சிவந்திருந்தன. மகனின் சிவந்த கண்ணைக் கண்டு பெயர் சொல்லி அழைத்த தாய் அப்பொழுதே உயிர் நீத்தாள்.

மலைக்கோட்டையின் கதை தாயுமானவருடையது. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் பேறுகாலத்தில் தன் தாயின் வரவை எதிர்நோக்கியிருந்தாள். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயோ காவிரியில் பெருகிய வெள்ளத்தைக் கடக்க இயலாமல் அக்கரையில் தங்கிவிட்டாள். இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து சேர்ந்தபோது மறைந்தான்.

இவற்றை நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. மக்கள் மனத்திற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒரு கதையில் நாழிகை முதன்மை பெறுகின்றது, தாய் இறக்கின்றாள். மறு கதையில் துணை முதன்மை பெறுகின்றது, தாய் பிழைக்கின்றாள். இரண்டு எண்ணங்களும் இன்றளவும் நம்முள் வாழ்கின்றன.

கத்தி காக்கத் தொடங்கிய காலம்

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல் பண்டைக்காலத்தில் இறந்த தாய்க்கு உரியதாக இருந்தது. கருவுற்ற பெண் திடீரென இறந்து, வயிற்றில் குழந்தையின் அசைவு தெரியுமாயின், உடனே கீறி அதனை எடுத்தல் வேண்டும் என்று சுசுருத சங்கிதை விதிக்கின்றது. கருவுற்ற நிலையில் இறந்தவளைக் குழந்தையை எடுக்காமல் அடக்கம் செய்தலாகாது என்று உரோமானியச் சட்டமும் கூறிற்று. சூலியஸ் சீசர் இவ்வாறு பிறந்தமையால்தான் சிசேரியன் என்னும் பெயர் வந்தது என்பர். அது பொருந்தாது. சீசர் வளர்ந்து ஆளான பின்னரும் அவருடைய தாய் அவுரேலியா உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கும் பெண்ணைக் கீறிக் காப்பாற்றும் கலை அக்காலத்து உரோமாபுரியில் இல்லை.

அக்கலை மேலைநாட்டார்க்கே உரியது என்றும் எண்ணலாகாது. 1879ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் உகாண்டாப் பகுதியைச் சேர்ந்த புன்யோரோ நாட்டில் உள்ளூர் மருத்துவர் ஒருவர் இவ்வறுவையைச் செய்ததை ராபர்ட் ஃபெல்கின் என்னும் ஆங்கிலேயர் கண்டு எழுதினார். வாழைப்பழ மது மயக்கம் தரவும், கையையும் வயிற்றையும் கழுவவும் பயன்பட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு குருதியை நிறுத்திற்று. தாயும் சேயும் பிழைத்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1865ஆம் ஆண்டளவில், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இவ்வறுவைக்கு உட்பட்ட தாய்மாருள் நூற்றுக்கு 85 பேர் இறந்தனர் என்பதை ஈண்டு ஒப்பு நோக்குதல் தகும்.

முன்னேற்றத்தின் படிகள் ஒவ்வொன்றாக அமைந்தன. 1847இல் சிம்சன் பேறுகாலத்தில் குளோரோஃபாமைப் பயன்படுத்தினார். 1876இல் இத்தாலியரான போரோ, குருதிப்போக்கால் தாய் இறவாதிருக்கக் கருப்பையையே அகற்றினார். 1882இல் செருமானியரான சாங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை நிலைநாட்டினார். 1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். 1940களில் பெனிசிலினும் இரத்த தானமும் சேர்ந்துகொள்ளவே, மரண வாயிலாக இருந்த அறுவை உயிர்காக்கும் வழியாயிற்று.

வாசலில் நின்றவர்கள்

கலை வளர்ந்தாலும் அது பெண்ணிடம் சென்று சேர்வது எளிதாக இருக்கவில்லை. சென்னையில் 1844ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று மருத்துவமனை தோன்றிவிட்டது. இன்றைய எழும்பூர்த் தாய் சேய் நல மருத்துவமனை அதுவே. ஆயினும் ஆண் மருத்துவர் பார்க்கலாகாது என்னும் கட்டுப்பாடு பல வீடுகளை அடைத்து வைத்திருந்தது. இந்நிலையைக் கண்டு வருந்திய மேரி ஷார்லிப் அம்மையார் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அவர் முயற்சியால் 1885இல் பெண்களுக்கெனத் தோன்றிய மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகின்றது.

திண்டிவனத்தில் நிகழ்ந்ததையும் நினைத்தல் வேண்டும். 1890களில் ஓர் இரவு, மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக ஐடா ஸ்கடரின் வாசலுக்கு வந்து, பேறுகாலத்தில் துன்புறும் மனைவியைக் காக்குமாறு வேண்டினர். அவரோ அப்போது மருத்துவம் அறியாத இளம்பெண். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆணை அனுப்ப அம்மூவரும் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவின் விளைவே வேலூர் மருத்துவமனையும், 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும். அம்மூன்று பெண்களையும் யாரேனும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கேட்பார் இல்லை. கணவன் வாசலில் நின்று முடிவு செய்தான். மனைவி உள்ளே இறந்தாள்.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் போன்ற தமிழ் மருத்துவர்கள் இத்துறையில் உலகப் புகழ் பெற்றனர். கிருஷ்ண மேனனுடன் சேர்ந்து அவர் எழுதி 1938இல் வெளிவந்த மகப்பேற்று மருத்துவ நூல் பல தலைமுறை மாணவர்க்குப் பாடமாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019–21ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களுமே மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. பேறுகால மரணம் 2018–20ஆம் ஆண்டுக் கணக்கில் இலட்சம் பிறப்புக்கு 54. அதே காலத்தில் இந்தியாவுக்கு 97. இது எளிதில் கிட்டிய வெற்றியன்று.

எண்கள் கூறுவது

ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகின்றது. 2005–06இல் இந்தியாவில் நூறு பிறப்பில் 8.5 அறுவையால் நிகழ்ந்தன, 2019–21இல் 21.5. தமிழ்நாட்டிலோ 2015–16இல் 34.1 ஆக இருந்தது 2019–21இல் 44.9 ஆயிற்று. அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 63.8. ஒரே நாட்டுப் பெண்களின் உடலமைப்பு, அவர்கள் நுழையும் வாயிலைப் பொறுத்து இவ்வளவு மாறுபடுமா? மக்கள்தொகை அளவில் நூற்றுக்கு 10 என்னும் எல்லையைத் தாண்டிய பின், அறுவை மிகுவதால் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

காரணங்கள் பல. மருத்துவரின் அச்சம், கட்டணம், நேர வசதி ஆகியவை ஒருபுறம். வீட்டாரின் நாட்காட்டி மறுபுறம். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்திற்கு ஆகாது என்றெண்ணி, ஆடியில் மணமக்களைப் பிரித்து வைத்த சமுதாயம் நம்முடையது. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று நட்சத்திரத்தின்மேல் பழி போட்டதும் நாமே. முன்னாளில் நட்சத்திரம் வந்த பின் வருந்தினர்; இன்று நல்ல நட்சத்திரமும் ஓரையும் குறித்துக்கொண்டு அறுவைக்கு நாள் கேட்கின்றனர். கமலவதியின் நாழிகை மீண்டும் வந்துவிட்டது. அன்று கயிறு, இன்று கத்தி.

மூன்றாவது காரணம் பெண்ணின் அச்சம். இதனை இகழ்தல் தகாது. பழக்கமில்லாத அறையில், பெற்றவள் அருகில் இல்லாமல், பல மணி நேரம் தனியே வலியோடு கிடக்க அஞ்சும் பெண் கத்தியைக் கேட்பதில் வியப்பில்லை. 2004ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத்தில் உறவினர் பெண்ணொருத்தி உடனிருக்க இடமளிக்கப்பட்டது. துணை தொடர்ந்து உடனிருந்தால் இயல்பான பேறு மிகுதியாகின்றது என்பதை உலகளாவிய ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. தாயுமானவர் கதை கூறுவதும் அதுவே அன்றோ?

கடல் நடுவே

இவ்வரலாறு ஃபீனிக்ஸ் பே வாழ் தமிழர்க்கு எவ்வாறு உரியது? நம் படகுத்துறையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் விடை கிடைக்கும். தீவுகளிலிருந்து வரும் படகுகளில் வயிறு தாங்கிய பெண்கள் இறங்குகின்றனர். சிலர் லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலிருந்து பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கடலில் கழித்து வருபவர்கள். வட அந்தமானின் திக்லிப்பூரிலிருந்து சாலைவழி வருவோர், ஜாரவா காப்புக்காட்டைக் குறித்த நேரத்தில் செல்லும் வண்டித் தொடரில்தான் கடக்க முடியும். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து வந்து கட்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய நம்மவர்க்கும் நடுவே இருப்பது கடலே.

அவர்கள் வந்து சேரும் இடம் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. 1963இல் அது செல்லுலார் சிறை வளாகத்திலேயே எழுந்தது. சிறைக்கூடங்கள் இடிந்த மண்ணில் இன்று குழந்தைகள் பிறக்கின்றன. 2015இல் அதனுடன் மருத்துவக் கல்லூரியும் இணைந்தது. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிற்று. தொலைதீவுப் பெண்ணின் பயணம் மாறவில்லை. அறுவையரங்கு, மயக்க மருத்துவர், இரத்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிட்டும் இடம் எல்லாத் தீவிலும் இல்லை.

இந்நிலையில் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. முதல் பேறு அறுவையால் நிகழ்ந்தால் கருப்பையில் தழும்பு நிற்கும். அடுத்த பேற்றை இயல்பாக முயன்று பார்க்கலாம். தக்கவர்களைத் தேர்ந்து முயன்றால் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வரை வெற்றி பெறுகின்றனர். ஆனால் ஏறத்தாழ இருநூறில் ஒருவர்க்குத் தழும்பு கிழியக்கூடும். அந்நேரத்தில் அறுவையரங்கு நிமிடங்களில் கிட்ட வேண்டும். தழும்பின்மேல் நச்சுக்கொடி வேர்கொண்டு பெருங்குருதி போகும் இடரும் ஒவ்வோர் அறுவைக்கும் மிகுகின்றது. எனவே முதல் தழும்பு, பின்வரும் பேறுகள் எல்லாவற்றையும் பெரிய மருத்துவமனையோடு பிணைத்து விடுகின்றது. நகரத்தில் இருப்பவர்க்கு இது அரை மணி நேரப் பயணம். தொலைதீவில் இருப்பவர்க்கு அது படகும் வானிலையும் கைகூடவேண்டிய காரியம். நல்ல நேரத்திற்காகக் கீறிய கீறல், அடுத்த முறை ஒரு புயல் நாளில் விலை கேட்கும்.

இதனால் அறுவையைப் பழிக்கின்றோம் என எவரும் எண்ணலாகாது. குழந்தை குறுக்கே கிடந்தாலும், நச்சுக்கொடி வழியை மறைத்தாலும், கொப்பூழ்க்கொடி முன்னே நழுவினாலும், குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்தாலும் கத்தியே தெய்வம். அப்போது தயங்கும் வீட்டார் திண்டிவனத்து வாசலில் நின்றவர்க்கு உறவினரே ஆவர். அறுவையால் பெற்றவளை வலி தாங்காதவள் என்று குத்திப் பேசுவதும் அறியாமை. அவளும் தன் உடலைக் கொடுத்தே பெற்றாள்.

நம் கடமை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துச் செல்ல, சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடல் கடந்து வரவேண்டிய நிலை இத்தீவுத் தமிழர்க்கு. விமானம் வந்த பின்னும் எல்லாப் பெற்றோரும் உரிய நேரத்தில் வந்துவிடுவதில்லை. பல பெண்களுக்குத் தாய் அக்கரையில், நடுவே வெள்ளம். இரத்தினாவதியின் நிலை இங்கே அன்றாடக் காட்சி.

ஆகவே அக்கம்பக்கத்து அக்காமாரும் அத்தைமாரும் தாயுமாதல் வேண்டும். பேறுகாலப் பெண்ணுடன் மருத்துவமனைக்குச் சென்று உடனிருக்க முன்வருதல் வேண்டும். தொலைதீவிலிருந்து வரும் பெண் நாள் நெருங்கும் முன்னரே வந்து தங்க, நகரிலுள்ள தமிழ் இல்லங்கள் ஓர் அறையை ஒதுக்குதல் வேண்டும். அறுவை வேண்டும் என்று மருத்துவர் கூறினால், "எதற்காக? காத்திருந்தால் என்ன ஆகும்? அடுத்த பேற்றுக்கு என்ன விளைவு?" என்னும் மூன்று வினாக்களைப் பணிவோடு கேட்டல் வேண்டும். அவற்றின் விடையை முதலில் அறியவேண்டியவள் பெறப்போகும் பெண். பஞ்சாங்கம் அதன்பின் இருக்கட்டும்; மாமியாரின் கருத்தும் அதன்பின் இருக்கட்டும்.

கோச்செங்கட் சோழன் எடுப்பித்த கோயில்கள் எழுபதுக்கும் மேல் என்பர். அத்தனை கோயில் எழுப்பிய மன்னன் தன் தாயின் மடியில் ஒரு நாளும் வளரவில்லை. நம் குழந்தைகள் எந்த நாழிகையில் பிறந்தாலும், எந்த வழியில் பிறந்தாலும், கண் விழித்துப் பார்க்கும்போது தாய் உயிரோடும் தெளிவோடும் அருகில் இருக்கட்டும். அந்நாழிகையே நல்ல நாழிகை.