அம்மாளா, அம்மையாரா?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் இன்று அதிகம் புழங்குவது இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் அல்ல, ஓர் அரசுத் திட்டத்தின் தலைப்பில். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் உயர்கல்வி உறுதித் திட்டம் அவர் பெயரில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தை மாணவிகள் ‘புதுமைப் பெண்’ என்றே அறிவார்கள்.

பெருமாநல்லூரில் முதலாண்டு மாணவிகளுக்கு நூலகத்தில் தகவல் தேடுவது பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக இலக்கியம் கற்பித்து வந்தாலும், தேடுவதைக் கற்பித்தது அன்றுதான் முதல் முறை. எதிரே இருந்தவர்களில் பலருடைய அம்மாக்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர்கள், ஓவர்லாக் ஓட்டுபவர்கள். ‘மாதம் ஆயிரம் ரூபாய் யார் பெயரில் வருகிறது?’ என்று தொடங்கினேன். ‘கவர்மெண்ட்டுங்க மிஸ்’ என்றார்கள். சரி, அந்தப் பெயரையே தேடுவோம் என்றேன்.

அங்கேயே முதல் பாடம் வந்துவிட்டது. மூவலூரா, மூவாலூரா? ராமாமிர்தமா, இராமாமிர்தமா, இராமாமிருதமா? அம்மாளா, அம்மையாரா? கணினி எழுத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. பெண்களின் பெயர் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஊர், தகப்பன், கணவன், மரியாதை விகுதி என்று முன்னும் பின்னும் ஏதாவது வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண்ணைத் தேடுகிறவள் குறைந்தது நான்கு பெயர்களையாவது எழுதிவைத்துக்கொண்டு தேட வேண்டும்.

இதற்கு இன்னொரு சான்று வை.மு.கோதைநாயகி. 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தியவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ‘வை.மு.’ என்பது திருமணத்தால் அவருக்கு வந்த முன்னெழுத்து. வை.மு.கோ. என்று சுருக்கித் தேடினால் கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் சேர்ந்து வருவார். இதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. கோதைநாயகிக்கு அப்போது சரளமாக எழுத வராது. அதனால் அவருடைய முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். நூலகப் பட்டியலில் ஆசிரியருக்கு இடம் உண்டு, பதிப்பாளருக்கு இடம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தந்த தோழிக்கு இடமில்லை.

அடுத்தது அலமாரி. நம் கல்லூரி நூலகங்கள் பலவும் பின்பற்றும் டியூயி பகுப்பு முறையில், பழைய பதிப்புகளில் பெண்களுக்கு இருந்த எண் 396. அதற்கு முந்தைய 395 நாகரிக ஆசாரங்கள். பிந்தைய 398 நாட்டார் வழக்காறுகள். உலகப் பெண்களின் நிலை மொத்தமும் விருந்து மரியாதைக்கும் பாட்டிக் கதைக்கும் நடுவில்தான் இருந்தது. பிற்பாடு அது சமூகக் குழுக்களின் வரிசையில் 305.4க்கு மாறியது. அலமாரி எண்ணும் மனிதர்கள் எடுத்த முடிவுதான். போராடினால் மாறும் என்பதற்கு அந்த எண்ணே சான்று.

மூன்றாவது, சொல். இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. தாம் பிறந்த சமூகத்தின் வாழ்வை உள்ளிருந்து பார்த்து, பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக எழுதியது. சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். இதைப் பற்றிப் படிக்க விரும்பும் மாணவி ‘தேவதாசி’ என்று தேடினால் சட்டமும் நடனமும் கிடைக்கும். ‘தேவரடியார்’ என்றால் கல்வெட்டுகள். ‘இசை வேளாளர்’ என்றால் சாதி வரலாறு. நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வந்தது. அதைக் கண்டெடுக்க ‘வெப் ஆஃப் டிசீட்’ என்று தேட வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு. எந்தக் கதவை யார் வைத்தார்கள் என்று கேட்பதும் ஆய்வுதான்.

நம் பகுதிக்கே வருவோம். நூற்பாலைகளில் இளம்பெண்களைச் சில ஆண்டுகள் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டுக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். ‘தொழிலாளர் உரிமை’ என்று மட்டும் தேடுகிறவளுக்கு அது எளிதில் சிக்காது, ஏனென்றால் அந்தக் கூலிக்குக் கல்யாணத்தின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1989இல் அரசு இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கியதும் திருமண உதவித் திட்டம்தான். அது படிப்புக்கான உதவியாக மாற 33 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: ‘எங்கம்மா பேரு எதுல தேடினா கிடைக்குமுங்க மிஸ்?’ பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்: ‘கம்பெனியில டோக்கன் நம்பர்தாண்டி இருக்கும்.’

அந்தக் கேள்விக்கு எந்தப் பட்டியலிலும் விடையில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்யும் பெண்களில் பலர், இன்று எத்தனை பீஸ், எவ்வளவு முன்பணம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைக்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க எழுதும் கணக்கு அது. திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றை டாலரில் எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு. அந்த நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய துண்டறிக்கைகளையும் நாடக நோட்டீசுகளையும்கூடச் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1994இல் அந்தச் சேகரிப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் ஆனது.

அன்று நான் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான். அம்மாவிடமோ அத்தையிடமோ அப்படியொரு நோட்டு இருந்தால் அவர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்கு ஒரு நூலக அட்டை எழுதுங்கள். ஆசிரியர், ஆண்டு, ஊர், பொருள். ஆசிரியர் என்ற இடத்தில் அவர் எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறாரோ அதை, அவரைக் கேட்டே எழுதுங்கள்.