எழுபது இடத்துக்குள் ஒரு மழை

பொன்னமராவதியில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பது சென்னைக்குத் தெரியும். மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் காலை 8.30 மணிக்கு அளப்பார்கள். அந்தக் கணக்கு புதுக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து மேலே போகும். திருமயம், காரையூர், அன்னவாசல், குடுமியான்மலை என்று நீளும் மாவட்ட மழைப் பட்டியலில் பொன்னமராவதிக்கும் ஒரு வரி உண்டு. ஆனால் நாளை இங்கே மழை வருமா என்ற கேள்விக்கு மேலேயிருந்து பதில் வர வெகுகாலம் ஆயிற்று.

பதில் தேவைப்படாத ஊரல்ல இது. வற்றாத ஆறு கிடையாது. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையென்றால் மானாவாரிக் கடலையும் பயறும்தான். அதனால் ஊர் தன் முன்னறிவிப்பைத் தானே செய்துகொண்டது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறதா, மின்னல் எந்தத் திசையில் வெட்டுகிறது என்று பார்த்தார்கள். மார்கழியில் கர்ப்போட்டம் எனும் மேக ஓட்டத்தைப் பார்த்தும், பஞ்சாங்கத்தைப் புரட்டியும் அடுத்த ஆண்டு மழையைக் கணித்தார்கள். பஞ்சாங்கம் பலித்ததா என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பலிக்காத ஆண்டிலும் பஞ்சாங்கம் விற்றது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் பிறந்ததற்குக் காரணம் கண்மாய்க்காரர்கள் அல்லர். 1864-ல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலும், அடுத்து வந்த பஞ்சமும்தான் ஆங்கிலேய அரசை அசைத்தன. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1886-ல் பருவமழைக்கான முதல் முன்னறிவிப்பை வெளியிட்டார். அன்றாடச் செய்தி தந்தியில் ஓடியது. ஓடிய இடம் பெரும்பாலும் துறைமுகம். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாம்பனிலும் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது இன்றும் புயல் நாட்களில் செய்தியாக வருகிறது. கடலே இல்லாத பொன்னமராவதிக்கு எந்தக் கூண்டு?

உள்நாட்டுக்குச் செய்தியைக் கொண்டுவந்தது வானொலி. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ல் தொடங்கியது. உழவர்களுக்கான வானிலை அறிக்கை 1945-ல் அகில இந்திய வானொலியில் வரத் தொடங்கியது. அறுபதுகளில் திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சி எவ்வளவு எடுபட்டது என்றால், அது பரப்பிய ஏடிடி-27 ரகத்துக்குத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

நெல்லுக்குப் பொருந்திய வழி மழைக்குப் பொருந்தவில்லை. ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்ற அறிவிப்பைக் கேலி செய்யாத தமிழர் இல்லை. பாவம், அது துறையின் துல்லியமான வாசகம்: ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் கால்பங்குக்கு மேல் நனையாது என்று அர்த்தம். எந்தக் கால்பங்கு என்பதுதான் களத்தில் கடலையைக் காயப்போட்டவருக்கு வேண்டும். கோடையிலும் ஆவணியிலும் புதுக்கோட்டையில் பெய்வது இடிமழை. ஒரு கண்மாய் நிறையும்போது பக்கத்துக் கண்மாய் வெடித்துக் கிடக்கும்.

ஊர்ப்பெயர் சொல்லி வானிலை சொன்ன முதல் முயற்சிகளில் ஒன்று புதுச்சேரியில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழாக்கி, கடற்கரை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி, நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி ஊரையே கரையைவிட்டு ஓடவைத்தது. கணினி, இணையம், செயற்கைக்கோள் எல்லாம் இருந்தும் கடைசி நூறு அடியைக் கடந்தது கூம்பு ஒலிபெருக்கிதான்.

குறுஞ்செய்தி அந்த ஒலிபெருக்கியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. முதல் குறுஞ்செய்தி பிரிட்டனில் 1992 டிசம்பர் 3 அன்று போனது. இந்தியாவில் மத்திய அரசு 2013 ஜூலையில் எம்-கிசான் தளத்தைத் தொடங்கியபின், பதிவு செய்த உழவருக்கு வானிலையும் பயிர் ஆலோசனையும் அவரவர் மொழியில் கைப்பேசிக்கு வந்தன. வானிலைத் துறை பிறந்து 138 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வந்த செய்திக்கு இடம்தான் போதவில்லை. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கிலம் என்றால் அதில் 160 எழுத்தை அடைக்கலாம். தமிழ் யூனிகோடில் 70 இடம்தான், அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் கேட்கும். நம் கணக்கில் ஏழெழுத்தான பொன்னமராவதி, இயந்திரக் கணக்கில் பதினொன்று. ‘பொன்னமராவதி: நாளை இடியுடன் மழை. கடலை காயப்போட வேண்டாம்.’ என்று எழுதினால் 55 இடம் தீர்ந்துவிடும். மிச்சப் பதினைந்தில் காற்றின் வேகத்தைச் சொல்வதா, எத்தனை மணிக்கு என்று சொல்வதா? 70-ஐத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும், செலவும் இரட்டிக்கும். தந்திக்காலத்தில் வார்த்தைக்குக் காசு எண்ணியவர்களுக்கு இந்த அவஸ்தை புரிந்திருக்கும்.

இன்று பொன்னமராவதியில் ஒரு பொறியியல் மாணவர் இதையே சின்னச் செயலியாகச் செய்ய நினைத்தால், நிரல் ஒரு வார வேலை. அதிகாலையில் முன்னறிவிப்புத் தரவை இழுத்து, 70 இடத்துக்குள் சுருக்கி, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவே. சிக்கல் நிரலில் அல்ல, பதிவில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புபவர் யார், எந்தப் பெயரில் அனுப்புகிறார், வாசகத்தின் அச்சு எப்படி என்பதையெல்லாம் முன்கூட்டியே பதிய வேண்டும். 2021 மார்ச்சில் இந்தச் சல்லடையை முதன்முதலில் கடுமையாக்கியபோது வங்கிகளின் ஓடிபி-யே நாடெங்கும் சிக்கிக்கொண்டது. விதியைச் சில நாள் தள்ளிவைத்தார்கள். மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பதால் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வங்கிக்கும் நூறு விவசாயிக்கு மழை சொல்லும் மாணவருக்கும் ஒரே வாசல் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

கைப்பேசி கைவிடும் நாளும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, புதுக்கோட்டை வழியாக மேற்கே போனது. பல நாள் முன்பே அறிவித்த புயல் அது. வந்துபோன பின்தான் சிக்கல்: மின்கம்பங்கள் சாய்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின, பல கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன.

2019-ல் வந்த மேகதூத் செயலி மாவட்ட வாரியாக முன்னறிவிப்பைத் தந்தது. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கு எழுத்துப் பஞ்சம் தீர்ந்தது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் கைப்பேசிகள் திடீரென அலறியது நினைவிருக்கலாம். செல் பிராட்காஸ்ட் சோதனை அது. அதற்கு எண்களின் பட்டியல் தேவையில்லை. கோபுரத்தின் கீழ் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. கடலையைக் காயப்போடலாமா என்பதற்காக யாரும் அந்த அலறலை எழுப்பப் போவதில்லை. அந்த வேலை இன்னும் 70 இடத்துச் செய்தியிடம்தான் இருக்கிறது.