அளவுக்கு மிஞ்சினால்... ஒரு மரபணுவின் கதை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நியூரோபிளாஸ்டோமா என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ, முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளிலோ கட்டியாகத் தோன்றும். முதிராத நரம்புச் செல்களிலிருந்துதான் இது வருகிறது என்று 1910-ல் எடுத்துச் சொன்னவர் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர்.

டாக்டர்களை நெடுங்காலம் குழப்பிய நோய் இது. ஒரு குழந்தைக்கு என்ன வைத்தியம் செய்தாலும் பலிக்காது. இன்னொரு கைக்குழந்தைக்கோ கல்லீரல், தோல் என்று பரவியிருந்த கட்டி தானாகவே கரைந்துவிடும். பிலடெல்பியாவில் பணியாற்றிய ஆட்ரி எவான்ஸ் என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும், இப்படித் தானாகக் கரையும் வகையை 1971-ல் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் காரணம் என்ன? அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் தடயம் நியூயார்க்கில் கிடைத்தது. ஜூன் பீட்லர் என்ற விஞ்ஞானி, இந்தக் கட்டியின் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சில குரோமோசோம்களில் ஒரே சீராகச் சாயம் ஏறிய நீண்ட பட்டைகள் இருப்பதைக் கவனித்து 1976-ல் எழுதினார். அந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய ஏழு வருடம் ஆனது.

இதற்கிடையில் கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸிலிருந்து 'மிக்' என்ற மரபணுவைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் சாயலில் மனிதரிடம் வேறொன்று இருப்பதை 1983-ல் இரண்டு குழுக்கள் கண்டன. கலிபோர்னியாவில் மன்பிரட் ஷ்வாப் குழு, நியூயார்க்கில் நான்சி கோல் குழு. நியூரோபிளாஸ்டோமாவில் கிடைத்ததால் அதற்கு 'என்-மிக்' என்று பெயர். நமக்கெல்லாம் ஒரு செல்லில் இந்த மரபணு இரண்டு பிரதிதான் இருக்கும், தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. அந்தப் புற்றுச் செல்களிலோ அதே மரபணு அடுக்கடுக்காகப் பெருகிக் கிடந்தது. பீட்லர் பார்த்த பட்டை அதுதான்.

என்-மிக்கின் வேலை என்ன? இதன் கட்டளையால் உருவாகும் புரதம் டி.என்.ஏ.வின் மேல் போய் உட்கார்ந்து, மற்ற மரபணுக்களை வேலை செய்ய வைக்கும். இப்படிப்பட்டவற்றைப் படியெடுத்தல் காரணிகள் என்பார்கள். மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கருவில் மூளையும் நரம்புகளும் வளரும்போது, "இன்னும் பெருகு, இன்னும் பெருகு" என்று செல்களை முடுக்கிவிடுவது இந்த மேஸ்திரிதான். வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். நூறு மேஸ்திரிகள் சேர்ந்துகொண்டு கத்தினால் செல்கள் முதிர்வது எப்படி?

சரி, குறைந்தால் நல்லதா என்றால் அதுவும் இல்லை. இரண்டில் ஒரு பிரதி கெட்டுப்போனாலே தலை சிறுத்து, கைவிரல்கள் குறைபட்டுப் பிறக்கும் ஃபைன்கோல்ட் நோய் வருகிறது என்று 2005-ல் தெரிந்தது.

1984-ல் காரட் பிராடியர் என்ற டாக்டரின் குழு 63 கட்டிகளை எடுத்து என்-மிக் பிரதிகளை எண்ணிப் பார்த்தது. ஆரம்ப நிலையில் இருந்த 15 கட்டிகளில் ஒன்றில்கூடப் பெருக்கம் இல்லை. முற்றிய நிலையில் இருந்த 48-ல் சரிபாதி, 24 கட்டிகளில் இருந்தது. அடுத்த வருடமே, பெருக்கம் உள்ள குழந்தைகளுக்கு நோய் வேகமாக முற்றுகிறது என்பதும் உறுதியானது. அன்று முதல் பிரதிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வைத்தியத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் வந்தது.

இந்த இடத்தில் ஜப்பானின் கதையைச் சொல்ல வேண்டும். 1980-களின் நடுவில் அந்த நாட்டில், ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைத் தாளில் ஒற்றித் தபாலில் வாங்கி, நாடு முழுவதும் பரிசோதித்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம் என்ற நல்ல எண்ணம்தான். ஏராளமான கட்டிகள் அகப்பட்டன. ஆனால் அநேகமாக எல்லாமே என்-மிக் பெருகாத, சாதுவான ரகம். பல தானாகவே கரைந்திருக்கும். அவற்றுக்கும் கத்தி வைத்தார்கள், கடும் மருந்து கொடுத்தார்கள். கொல்லும் ரகமோ பரிசோதனைக்குப் பிறகு வேகமாக வளர்ந்து வந்தது. ஜெர்மனியில் சுமார் 15 லட்சம் குழந்தைகளையும், கனடாவின் கியூபெக்கில் சுமார் 4 லட்சத்து 75 ஆயிரம் குழந்தைகளையும் பரிசோதித்த ஆய்வுகள் 2002-ல் வெளிவந்தன. இறப்பு குறையவில்லை என்பதே இரண்டின் முடிவும். ஜப்பான் 2004-ல் திட்டத்தை நிறுத்தியது.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எல்லா நோய்க்கும் நல்லது என்றுதான் நம் தலைமுறை நம்பி வந்திருக்கிறது. இந்த நோயில் எப்போது கண்டுபிடித்தோம் என்பதைவிட, கண்டுபிடித்தது எந்த ரகம் என்பதே முக்கியமாகிப் போனது. இன்று சாதுவான ரகம் என்று தெரிந்தால், பல கைக்குழந்தைகளை மருந்தே கொடுக்காமல் கண்காணிக்கிறார்கள். என்-மிக் பெருகிய ரகத்துக்குக் கீமோ, அறுவை, கதிர்வீச்சு, எதிர்ப்புரத மருந்து என்று எல்லாமும் தேவைப்படுகின்றன. அப்படியும் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை. என்-மிக்கையே நேராக அடக்கும் மருந்துக்கான தேடல் நடந்துகொண்டிருக்கிறது.

பேரன் பேத்தியைக் குளிப்பாட்டும் பாட்டி தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கருநீலம் படர்ந்தாலோ, "வாயுக் கோளாறு", "திருஷ்டி" என்று நாள் கடத்தாமல் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எந்த ரகம் என்று பார்த்துச் சொல்லும் வழி இப்போது அவர்களிடம் இருக்கிறது.