புழுங்கலரிசியின் மகிமை

அரிசிக் கடையில் நின்று பச்சரிசியா, புழுங்கலரிசியா என்று தேர்வது இன்று நாவின் ருசியைப் பற்றிய விஷயமாகத் தோன்றினும், ஒரு காலத்தில் அது ஆயுளைப் பற்றிய வினாவாகவே இருந்தது. நீராவி ஆலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளரிசியே பிரதான ஆகாரமாக அமைந்த கீழ்த்திசை நாடுகளில், கால் மரக்கவும், உடல் வீங்கவும், இருதயம் தளரவும் செய்யும் பெரிபெரி என்னும் வியாதி மிகுந்தது.

மலாய் நாட்டுச் சுரங்கங்களில் உழைத்த சீனர், சயாம் வெள்ளரிசியை உண்டு இந்நோய்க்குப் பலியாக, தோட்டங்களில் பாடுபட்ட தமிழரோ புழுங்கலரிசிச் சோற்றினால் பெரும்பாலும் தப்பினர். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர், நோயாளரை இரு பகுதியாக்கி இவ்விரு அரிசிகளையும் தனித்தனியே அளித்துப் பரீட்சித்தபோது, வெள்ளரிசி உண்டவரிடையேதான் பெரிபெரி தலைதூக்கிற்று.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. ஊறிய நெல்லை அண்டாவிலிட்டு, வாய் வெடிக்கும் பதத்தில் இறக்கி, முற்றத்தில் பரப்பிக் காலால் துழாவி உலர்த்திய நம் பெண்டிர் அறியாமலே, தவிட்டிலுள்ள பி1 ஜீவசத்து மணியின் உட்புறம் ஊடுருவி நிலைபெற்றது. ஆகவே, பிறகு தீட்டினாலும் அது முற்றும் அழிவதில்லை.

1934-இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும், அதன் காரியதரிசியான ஜே. சி. குமரப்பாவும், தவிடு முற்றும் நீங்காத கைக்குத்தலரிசியை வற்புறுத்தியதும் தொழிலாளர் பிழைப்பை முன்னிட்டு மட்டுமன்று, இதே தேக ஆரோக்கியத்தை முன்னிட்டுமேயாம். வெண்மையையே தரமென மதித்துக் கூடுதல் விலை கொடுப்போர், போஷாக்கை ஆலையிலேயே விட்டுவிட்டு வருகின்றனர்.