கணக்கு எழுதியவரே தணிக்கை செய்யலாமா?

சென்ற பொதுக்குழுவில் ஒரு சிறு விவாதம் நடந்தது நினைவிருக்கும். சங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் பொருளாளரே சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதாதா, வெளி ஆடிட்டருக்கு எதற்கு வீண் செலவு என்று ஒரு அன்பர் கேட்டார். பொருளாளரின் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் வெளி ஆடிட்டர் வேண்டும் என்றே முடிவாயிற்று. அன்று வீட்டுக்கு வந்தபோது இதே கேள்வி மிகப் பெரிய ஓரிடத்தில் எழுந்த வரலாறு நினைவுக்கு வந்தது. அதைத்தான் இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

நம் புதுக்கோட்டையில் அணுமின் நிலையம் கிடையாது. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடகிழக்கே கல்பாக்கம், தெற்கே கூடங்குளம். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுமே நம்மிடமிருந்து 300 கிலோமீட்டருக்குள். ஏறக்குறைய நடுவில் இருக்கிறோம். எனவே அந்த நிலையங்களை யார் சோதிக்கிறார்கள் என்பது நமக்கும் உரிய கேள்விதான்.

நான் பி.காம். படித்தவன். அணு இயற்பியல் தெரியாது. ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியும். 1983-ல் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: வவுச்சர் எழுதியவர் அதைப் பாஸ் செய்யக்கூடாது. பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இருவரிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தலைமை அலுவலக இன்ஸ்பெக்‌ஷன். அதற்கும் மேல் ரிசர்வ் வங்கி. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. ரிசர்வ் வங்கி அதிகாரிக்கு எங்கள் சேர்மன் சம்பளம் கொடுப்பதில்லை. அவர் எழுதும் குறிப்புக்கு இருந்த பலமே அதுதான்.

அதே 1983-ல், நவம்பர் 15 அன்று, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. கல்பாக்கத்தின் முதல் உலை அந்த ஆண்டு ஜூலையில்தான் இயங்கத் தொடங்கியிருந்தது. அதுவரை அணுசக்தித் துறை தன் குழுக்களை வைத்தே தன் நிலையங்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்த வகையில் வாரியம் ஒரு முன்னேற்றம். இடத்தேர்வு, கட்டுமானம், எரிபொருள் நிரப்புதல், இயக்கம் என்று ஒவ்வொரு படிக்கும் வாரியத்தின் அனுமதி வேண்டும். இயக்க உரிமமும் காலவரையறை கொண்டது. புதுப்பிக்கும்போது மறுபடியும் ஆய்வு உண்டு.

ஆனால் ஒரு குறை இருந்தது. வாரியம் தனிச் சட்டத்தால் பிறந்ததல்ல. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் மைய அரசு பிறப்பித்த ஆணையால் வந்தது. அது பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலர். நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் அதே துறையின் கீழ். இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையைக் கிளை மேலாளரிடமே கொடுத்துவிட்டுப் போவது போன்ற ஏற்பாடு. அமெரிக்கா இந்தச் சிக்கலை 1974-லேயே உணர்ந்து, வளர்க்கும் வேலையையும் கண்காணிக்கும் வேலையையும் சட்டம் போட்டுப் பிரித்துவிட்டது.

முதல் பெரிய சோதனை 1993 மார்ச் 31 அதிகாலையில் வந்தது. உத்தரப் பிரதேசத்து நரோராவில் டர்பைன் தகடுகள் உடைந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்ததால் அவசரகால மின்சாரமும் உலைக்குப் போய்ச் சேரவில்லை. சுமார் 17 மணி நேரம் நிலையமே இருளில் கிடந்தது. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு மேலே ஏறி, உலை மறுபடி இயங்காதிருக்க போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. அந்த ஊழியர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. இதன் பிறகு, ஏ. கோபாலகிருஷ்ணன் தலைவராக இருந்த காலத்தில், 1995-ல் வாரியம் நாட்டின் அணு நிலையங்களில் இருந்த சுமார் 130 பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்தது. அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கத்தின் கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. வாரியம் ஆய்ந்து அனுமதித்த பிறகே, சில நாள் கழித்து, மீண்டும் ஓடியது. முறை சரியாக நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இது நம் பக்கத்து உதாரணம்.

2011 மார்ச் 11 ஃபுகுஷிமா விபத்து எல்லாவற்றையும் மாற்றியது. ஜப்பானில் கண்காணிப்பு அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. மறு ஆண்டே அதைக் கலைத்துத் தனி ஆணையம் அமைத்தார்கள். இங்கே இடிந்தகரை மக்கள் கூடங்குளத்துக்கு எதிராகப் பந்தலில் அமர்ந்தார்கள். கூடுதல் பாதுகாப்புக்கு 17 பரிந்துரைகள் வந்தன. 2013 ஏப்ரலில் சோதனையின்போது நான்கு வால்வுகளில் குறை கண்டு, மாற்றச் சொன்னது வாரியம். மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கூடவே 15 நிபந்தனைகளும் விதித்தது. போராடியவர்களை ஏற்கிறோமோ இல்லையோ, அவர்கள் கேட்ட கேள்விகளால் சோதனை கூடியதே தவிரக் குறையவில்லை.

இதற்கிடையே 2012 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிவந்தது. பழைய வங்கிக்காரனான நான் விரும்பிப் படித்த அறிக்கை அது. வாரியம் அரசுக்குக் கீழ்ப்பட்டே இருக்கிறது, சுதந்திரம் இல்லை என்றது. விதி மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்! நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவாகியிருந்தன. அதாவது நூற்றுக்கு 91 பதிவில்லாமல் இயங்கின. அணு என்றால் கூடங்குளம் மட்டுமல்ல. நாம் கால் முறிந்தால் போகிற எக்ஸ்ரே அறையும்தான்.

வாரியத்துக்குப் பதிலாகத் தனி அதிகாரம் கொண்ட அமைப்பை உருவாக்க 2011 செப்டம்பரில் மசோதா கொண்டுவரப்பட்டது. 2014-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. கடைசியில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. நான் வேலையில் சேர்ந்து, ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுக்கும் வரை, 42 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. லாபக் கணக்கு பார்ப்பவர்கள் உள்ளே வரும்போது, சோதிப்பவரின் கை இன்னும் உறுதியாக இருக்க வேண்டும். ஏட்டில் வந்த அந்தஸ்து நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். யார் நியமிக்கிறார்கள், அறிக்கை யாருக்குப் போகிறது, மக்கள் படிக்க முடிகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

நம்மால் ஆனதையும் செய்யலாம். அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது, வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் லிஃப்ட் சான்றிதழின் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் பொருளாளர் மீதுள்ள சந்தேகத்தால் அல்ல. நாளை யாராவது அவரைச் சந்தேகித்தால், அவருக்காகப் பேசப் போவது அந்தக் கையெழுத்துதான்.