சக்கரம் சுழற்றியவரும் கட்டப்படாத கருவியும்

“உங்கள் கருவி எங்கே இருக்கிறது?” முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. அந்தக் கருவிக்குள் பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான மியூவான்களைச் செலுத்தியிருந்தேன். காந்தப்புலத்தில் அவை வளைந்த பாதைகளை அளந்திருந்தேன். அளவீட்டின் பிழை எவ்வளவு என்றும் கணக்கிட்டிருந்தேன். ஆனால் கருவி எங்கும் இல்லை. அது கணினி நிரலாக மட்டுமே இருந்தது. அன்று நான் தடுமாறிச் சொன்ன விடையைவிடச் சற்று நீண்ட விடை ஒன்றை இங்கே எழுத முயல்கிறேன். அதற்குத் துகள் உணர்கருவிகளைக் கணினியில் உருவகப்படுத்தும் கலையின் வரலாற்றுக்குள் சிறிது செல்ல வேண்டும்.

அந்த வரலாறு கணினிக்கு முன்பே தொடங்குகிறது. 1937இல் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் காஸ்மிக் கதிர்ப் பொழிவை விளக்கினர். ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான் ஒன்று ஈயத்துக்குள் நுழைந்தால் ஃபோட்டானை உமிழ்கிறது. அந்த ஃபோட்டான் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகப் பிரிகிறது. அவை மீண்டும் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. இவ்வாறு ஒன்று பலவாகப் பெருகுகிறது. குறிப்பிட்ட ஆழத்தில் சராசரியாக எத்தனை துகள்கள் இருக்கும் என்பதற்கு அவர்களுடைய சமன்பாடுகள் விடை தந்தன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சராசரி யார் கண்ணுக்கும் தென்படுவதில்லை. ஒரே ஆற்றலில் தொடங்கும் இரு பொழிவுகள்கூட ஒன்றுபோல் அமைவதில்லை. அவை எவ்வளவு வேறுபடும் என்ற கேள்விதான் கடினமானது.

பாபாவிடம் ஆராய்ச்சியைத் தொடங்கிய சென்னைக்காரரான அல்லாடி இராமகிருஷ்ணன், 1950இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கையாள்வதற்கான கணித முறை ஒன்றை வகுத்தார். நிகழ்தகவுக் கோட்பாட்டில் அது இன்றும் பயன்படுகிறது. 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தை நிறுவியவரும் அவரே. நம் மாணவர்கள் பலர் அவரை நிறுவனராக மட்டும் அறிந்திருக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

அதே சிக்கலை ராபர்ட் வில்சன் வேறு வழியில் அணுகினார். பிற்காலத்தில் ஃபெர்மி ஆய்வகத்தின் முதல் இயக்குநரான அவர், 1952இல் வெளியிட்ட கட்டுரையில் கணினியையும் பயன்படுத்தவில்லை, நீண்ட சமன்பாடுகளையும் நாடவில்லை. ஓர் உருளையின்மேல் வளைகோடுகளை வரைந்து, அதை மோட்டாரால் சுழற்றி, தானாக நிற்கவிட்டார். ஈயத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள இடைவெளிகளாகப் பிரித்துக்கொண்டார். ஒவ்வோர் இடைவெளியிலும் துகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை உருளை நின்ற இடம் சொல்லும். பிறகு அடுத்த இடைவெளி, அடுத்த சுழற்சி. தாயம் உருட்டிக் காய் நகர்த்துவது போன்ற வேலைதான். ஆனால் ஒவ்வொரு காயும் வழியில் இரண்டாகப் பிரியும். எத்தனை முறை அந்த உருளை சுழன்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

இந்த முறைக்கு மான்டி கார்லோ என்ற பெயர் அதற்குள் வந்துவிட்டிருந்தது. நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் 1946இல் சீட்டு விளையாடுகையில் கண்ட எண்ணம் அது. ஜான் வான் நாய்மன் அதைக் கணக்கீட்டு முறையாக வளர்த்தார். 1948இல் எனியாக் கணினியில் நியூட்ரான்களைப் பின்தொடரும் கணக்கு ஓடியது. அதற்கான நிரலாக்கத்தில் பெரும்பங்கு கிளாரா வான் நாய்மனுடையது. அவர் பெயர் பாடநூல்களில் மிகத் தாமதமாகவே இடம்பெறத் தொடங்கியது. உருவகப்படுத்தும் நிரலை எழுதுவோர் பெறும் மதிப்பு தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கிறது.

இன்று நாங்கள் பயன்படுத்தும் ஜியான்ட், ‘வடிவமைப்பும் தடம்பற்றலும்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். அதன் முதல் வடிவம் 1974இல் செர்னில் எழுதப்பட்டது. 1980களில் ரெனே ப்ரூனும் பிறரும் உருவாக்கிய ஜியான்ட்3, ஃபோர்ட்ரானில் அமைந்தது. லெப் முடுக்கியின் ஓபல் கருவியை வடிவமைக்கும் தேவையோடு சேர்ந்தே அது வளர்ந்தது. 1998 டிசம்பரில் சி++ மொழியில் ஜியான்ட்4 வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பெயர் தாங்கிய அதன் 2003ஆம் ஆண்டுக் கட்டுரை, இயற்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்று. புற்றுநோய்க் கதிர் சிகிச்சை முதல் விண்கலப் பாதுகாப்பு வரை இன்று அதன் கை நீண்டிருக்கிறது. ஆனால் அதன் உள்ளே நடப்பது வில்சனின் உருளை செய்ததுதான்: ஒரு சமவாய்ப்பு எண், ஓர் அடி முன்னேற்றம், மீண்டும் ஓர் எண்.

என் வாதத்துக்குத் தேவையான இடம் இதுவே. பெரிய ஹாட்ரான் மோதுவியின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் ஜியான்ட்4ஐ அப்படியே நம்பிவிடவில்லை. கருவியின் பகுதிகளைச் சோதனைக் கற்றையில் வைத்து, அறிந்த ஆற்றலுடைய துகள்களைச் செலுத்தி, நிரல் சொன்னதையும் இரும்பு சொன்னதையும் ஒப்பிட்டனர். முரண்பட்ட இடங்களில் நிரலின் இயற்பியல் மாதிரிகள் திருத்தப்பட்டன. நிரலும் கருவியும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வளர்ந்தன.

எங்களுக்கு அது வாய்க்கவில்லை. இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் ஐகால் கருவி, தேனி மாவட்டம் பொட்டிபுரம் அருகே மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு, 5.6 சென்டிமீட்டர் தடிப்பில் 151 தகடுகள். இடையிடையே மின்தடைத் தகட்டு உணர்கருவிகள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், ஐகால் எதை எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பதைத் தொகுத்த வெள்ளை அறிக்கையும் வந்தது. அதன் முடிவுகளுக்கு அடிப்படை ஜியான்ட்4இல் எழுதப்பட்ட ஐகால். அந்தப் பணியின் முக்கிய மையங்களுள் ஒன்று, அல்லாடி இராமகிருஷ்ணன் நிறுவிய அதே சென்னை நிறுவனம். பிறகு மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கல்கள். 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. புலிகளின் வழித்தடம் குறித்த அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கும் நண்பர்களோடு நான் உடன்படுவதில்லை. அது வேறொரு நீண்ட கட்டுரைக்குரியது.

இதனிடையே என்போன்ற மாணவர்கள் ஆய்வேடுகளை எழுதி முடித்தோம். உணர்கருவியின் திறன் 95 விழுக்காடு என்று நிரலில் ஓர் எண்ணை இட்டோம். ஒரு முறை இரண்டு கன உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வடிவமைத்துவிட்டேன். மியூவான்கள் எல்லையில் சிக்கி நின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அந்தப் பிழையை மென்பொருளே எச்சரித்தது. ஆனால் நான் எழுதிய 95 என்ற எண்ணை யார் எச்சரிப்பார்கள்? வில்சனின் உருளையும் வரைந்த கோட்டைத்தான் காட்டும். கோடு தவறென்றால் அதை எத்தனை முறை சுழற்றினாலும் தெரியாது.

மதுரையில் 2018 முதல் மினி ஐகால் இயங்குகிறது. 85 டன் இரும்பு, 11 அடுக்குகள். நியூட்ரினோக்களைப் பிடிக்க அது மிகச் சிறியது. வானிலிருந்து பொழியும் மியூவான்கள் போதிய அளவு கிடைக்கும். அந்தத் தரவை என் நிரலின் முடிவுகளோடு முதன்முறை ஒப்பிட்ட மாலை நினைவிருக்கிறது. நான் ஒரே எண்ணாக இட்டிருந்த திறன், உண்மையில் இடத்துக்கு இடம் மாறியது. ஒரு துகள் கடந்தபோது சில இடங்களில் ஒரு பட்டைக்குப் பதிலாகப் பக்கத்துப் பட்டைகளும் சேர்ந்து பதிவு காட்டின. சில பட்டைகள் பேசவே இல்லை. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம் அன்று, ஒருவகை நிம்மதி.

சீனாவின் ஜூனோ 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ நிறை வரிசையை அறிவதில் நாம் முந்துவோம் என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதிய வரியை இப்போது படிக்கச் சங்கடமாக இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் நான் சொன்ன விடை இது: “85 டன் மதுரையில் இருக்கிறது, ஐயா. மீதி என் கணினியில் இருக்கிறது.” தேர்வாளர் சிரித்தார். பிறகு, அந்த 85 டன்னைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் கேட்டார்.